டைரக்டரியில் பெயர் போட்டால் போன் வரும்... வேலை வருமா? அமெரிக்காவின் நடமாடும் நோட்டரிகள்!

நோட்டரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோர்ட் வாசலில் ஒரு சின்ன அறை, கறுப்புக் கோட்டு, மேஜை மேல் சீல், எதிரே பெஞ்சில் காத்திருக்கும் நாலு பேர். நம் நாட்டில் பொதுவாக 10 ஆண்டுகளாவது வக்கீலாகத் தொழில் செய்தவர்தான் நோட்டரி ஆக முடியும். பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 7 ஆண்டுகள். நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். அவர் நம் வீட்டுக்கு வருவதெல்லாம் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மட்டும்தான் நடக்கும்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே நோட்டரி காரை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருவார். வேலை முடிந்து நீங்கள் வீடு திரும்பி, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, இரவு எட்டு மணிக்குக்கூட வருவார். கையில் ஒரு கட்டு காகிதம், நீல மசி பேனா, சீல், ஒரு பதிவேடு. டைனிங் டேபிளில் உட்கார்ந்து உங்கள் அடையாள அட்டையைச் சரிபார்ப்பார், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், கையெழுத்து வாங்குவார், சீல் குத்துவார், கிளம்பிவிடுவார். இவர்களுக்கு ‘மொபைல் நோட்டரி’ என்று பெயர். இவர்களில் வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர் ‘நோட்டரி சைனிங் ஏஜென்ட்’.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் சிலரும், முக்கியமாக வீட்டிலிருந்தபடி ஏதாவது சம்பாதிக்க நினைக்கும் பெண்கள், இந்தத் தொழிலை எட்டிப் பார்க்கிறார்கள். படிப்பு கொஞ்சம், முதலீடு கொஞ்சம், நேரம் நம் கையில் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீல் கைக்கு வந்த மறுநாளே எழும் கேள்வி ஒன்றுதான்: ‘நான் நோட்டரி ஆகிவிட்டேன் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்?’ அந்த இடத்தில்தான் ஆன்லைன் டைரக்டரிகள் வந்து நிற்கின்றன. ‘எங்கள் பட்டியலில் பெயர் போடுங்கள், வேலை வரும்’ என்கின்றன. உண்மையிலேயே வருகிறதா?

யார் வேண்டுமானாலும் ஆகலாம், அதுதான் சிக்கல்

முதலில் கூட்டத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நோட்டரி ஆக வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. மாநில அரசுதான் நியமிக்கிறது, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 18 வயது நிறைந்து, சட்டப்படி அங்கே வசிப்பவராக இருந்து, 6 மணி நேர வகுப்பு முடித்து, ஒரு தேர்வு எழுதி, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறி, 15,000 டாலருக்கு ஒரு ஜாமீன் பத்திரமும் கொடுத்தால் 4 ஆண்டுகளுக்கு நோட்டரி. அந்த 15,000 டாலரையும் கையிலிருந்து கட்ட வேண்டாம். சின்னதாக ஒரு பிரீமியம் கட்டினால் போதும்.

குடியுரிமைகூடக் கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. டெக்ஸாஸ் மாநிலம் ஒரு காலத்தில் ‘அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்தான் நோட்டரி ஆகலாம்’ என்று வைத்திருந்தது. கிரீன் கார்டு வைத்திருந்த ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ‘பெர்னல் எதிர் ஃபெய்ன்டர்’ என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஆனால் ஹெச்1பி விசாவில் இருப்பவர் இதைப் பக்கத் தொழிலாகச் செய்ய முடியாது. அவர் விசா வாங்கிக் கொடுத்த கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம்.

கதவு இப்படி அகலமாகத் திறந்திருப்பதால் உள்ளே கூட்டமும் அதிகம். நாடு முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோட்டரிகள் இருக்கிறார்கள் என்பது அங்குள்ள நேஷனல் நோட்டரி அசோசியேஷன் சொல்லும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வங்கியிலோ அலுவலகத்திலோ வேறு வேலை பார்த்துக்கொண்டு, அவசியப்பட்டபோது மட்டும் சீல் குத்துகிறவர்கள். காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதியே பெரிய நகரங்களில் தெருவுக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது.

சீல் குத்தும் கட்டணத்தை நம்பி யாரும் பிழைக்க முடியாது. அதற்கு அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர், ஃபுளோரிடாவில் 10 டாலர், நியூயார்க்கில் நேரில் செய்தால் வெறும் 2 டாலர். அதனால்தான் எல்லோருடைய கண்ணும் வீட்டுக் கடன் பக்கம் திரும்புகிறது. ஒரு கடன் கட்டு என்றால் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். பிரிண்ட் எடுப்பது, ஓட்டிப் போவது, கையெழுத்து வாங்குவது, கூரியரில் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். 75 டாலரும் உண்டு, 150 டாலருக்கு மேலும் உண்டு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் டைரக்டரி கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டியலைப் புரட்டுவது யார்?

‘123 நோட்டரி’, ‘நோட்டரி ரோட்டரி’, நேஷனல் நோட்டரி அசோசியேஷன் நடத்தும் ‘சைனிங் ஏஜென்ட் டாட் காம்’... இப்படிப் பல டைரக்டரிகள் இருக்கின்றன. ஊர், பின்கோடு போட்டால் அந்த வட்டாரத்து நோட்டரிகள் வரிசையாக வருவார்கள். எத்தனை கடன் கட்டுகளுக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார், என்னென்ன மொழி தெரியும், இன்ஷூரன்ஸ் எவ்வளவு, இரண்டு அளவுக் காகிதம் போடும் லேசர் பிரிண்டர் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். சிலவற்றில் பெயர் போடுவது இலவசம். சிலவற்றில் ஆண்டுச் சந்தா. பட்டியலில் மேலே வர வேண்டுமானால் தனியாகப் பணம்.

எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ நாம் நெட்டில் தேடுவது போலத்தான் இதுவும் என்று தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடன் வாங்கும் குடும்பம் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு நோட்டரியை அனுப்புவது அவர்கள் வேலை இல்லை. வீட்டின் வில்லங்கம் பார்த்து, பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் ‘டைட்டில் கம்பெனி’யின் வேலை அது. டைட்டில் கம்பெனி நேரடியாக நோட்டரியைக் கூப்பிடலாம். அல்லது ‘சைனிங் சர்வீஸ்’ எனப்படும் இடைத்தரகர் கம்பெனியிடம் சொல்லிவிடலாம். இடைத்தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நோட்டரிக்குத் தருவார். 150 டாலர் 75 டாலராவது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்த சைனிங் சர்வீஸ் அலுவலகத்தில் வேலை ஒதுக்கும் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவர் கையில் ஏற்கெனவே பழகிய நோட்டரிகளின் பட்டியல் இருக்கிறது. தவறு செய்யாதவர், போனை எடுப்பவர், சொன்ன நேரத்துக்குப் போகிறவர் யார் யார் என்று அவருக்குத் தெரியும். நல்ல வேலை வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் போன் போகும். அவர்கள் யாரும் கிடைக்காதபோதுதான் அவர் டைரக்டரியைத் திறப்பார். அதாவது தூரமான ஊராக இருக்கலாம், நேரம் கெட்ட நேரமாக இருக்கலாம், தரும் காசு குறைவு என்று நாலு பேர் ஏற்கெனவே மறுத்த வேலையாக இருக்கலாம். ‘டைரக்டரியிலிருந்து வரும் போன் எல்லாமே அடிமாட்டு விலை கேட்கிறதே’ என்று புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். டைரக்டரி அவர்களை ஏமாற்றவில்லை. மிச்சம் விழுந்த வேலை அந்த வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ‘123 நோட்டரி’ 1999-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் வேறு மாநிலத்தில் நோட்டரி தேவைப்பட்டால் டைட்டில் கம்பெனிக்கு டைரக்டரியை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. பட்டியலில் முதல் பெயராக இருந்தவருக்கு போன் ஓயாமல் அடித்தது. பழைய நோட்டரிகள் இன்றும் டைரக்டரியைப் புகழ்வது இந்த நினைவில்தான்.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 2008 நெருக்கடிக்குப் பின் உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, ‘வெளியாட்களை வைத்து வேலை வாங்கினால் அவர்கள் செய்யும் தவறுக்கும் வங்கி பொறுப்பேற்க நேரலாம்’ என்று 2012-ல் எழுத்தில் சொல்லிவிட்டது. வங்கிகள் உஷாராகிவிட்டன. நோட்டரிக்கு ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்ற பழக்கம் பரவியது. டைரக்டரியில் கண்ணில் பட்ட ஒருவரை உடனே கூப்பிடுவது குறைந்து, முன்கூட்டியே சோதித்துச் சேர்த்துவைத்த சொந்தப் பட்டியல் பெருகியது. இன்னொரு மாற்றம், ‘ஸ்னாப்டாக்ஸ்’ போன்ற தளங்கள். வேலை வந்ததும் அந்த வட்டாரத்து நோட்டரிகளின் செல்போனுக்குச் செய்தி போய்விடும். நம் ஊர் ஆட்டோ ஆப் மாதிரிதான். யார் முதலில் ‘சரி’ என்று தட்டுகிறாரோ அவருக்கு வாய்ப்பு அதிகம். குளிக்கப் போயிருந்தால் போச்சு!

75 டாலரில் மிஞ்சுவது என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் உதாரணம்தான், ஊருக்கு ஊர் மாறும்.

வேலைக்கு 75 டாலர். 130 பக்கக் கட்டு. கையெழுத்துக்கு ஒன்று, கடன் வாங்குகிறவர் வைத்துக்கொள்ள ஒன்று என இரண்டு பிரதி, 260 பக்கம். காகிதமும் டோனரும் சேர்த்துப் பக்கத்துக்கு 4 சென்ட் என்றால் சுமார் 10 டாலர். போக 20 மைல், வர 20 மைல். காரின் எரிபொருள், தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மைலுக்கு 70 சென்ட் என்பது 2025-க்கு அமெரிக்க வருமான வரித் துறை வைத்த அளவு. அந்தக் கணக்கில் 28 டாலர். மிச்சம் 37 டாலர்.

நேரம்? பிரிண்ட் எடுத்துப் பக்கங்களைச் சரிபார்க்க அரை மணி. பயணம் ஒரு மணி. டேபிளில் ஒரு மணி. கையெழுத்தான பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பி, கூரியர் கடையில் போட்டுவிட்டு வர அரை மணி. ஆக 3 மணி நேரம். மணிக்கு 12 டாலர் சொச்சம். கலிஃபோர்னியாவில் 2025-ல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 16.50 டாலர்! ஹோட்டலில் காபி ஊற்றிக் கொடுப்பவர் இந்த நோட்டரியைவிட அதிகம் சம்பாதிக்கிறார்.

டைரக்டரிக்கு ஆண்டுச் சந்தா 200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 டாலர் மிஞ்சும் வேலையாக இருந்தால் ஆறு வேலை அந்த டைரக்டரி வழியாகவே வந்திருந்தால்தான் போட்ட காசு திரும்பும். அதுவே 150 டாலர் வேலை என்றால் செலவு போக 112 மிஞ்சும், இரண்டே வேலையில் காசு வந்துவிடும். ஆகவே ‘எத்தனை போன் வந்தது’ என்று எண்ணுவதால் பயனில்லை. எந்த விலைக்கு வந்தது என்றுதான் எண்ண வேண்டும். நம் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும்தான் நமக்கு மறந்துபோகிறது.

ஒரு சின்ன வரிச் செய்தியும் இதில் உண்டு. அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரியோடு ‘சுயதொழில் வரி’யும் கட்ட வேண்டும். ஆனால் நோட்டரிச் சீலுக்கான கட்டணத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. பயணப்படிக்கும் பிரிண்ட் செலவுக்கும் கடன் கட்டுச் சேவைக்கும் விலக்கு கிடையாது. அதனால் கணக்கு நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதிவைப்பவர்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சும்.

வட்டி ஏறினால் பட்டியல் என்ன செய்யும்?

டைரக்டரியைப் புகழ்பவர்கள், திட்டுபவர்கள் இரண்டு பேருமே அதிகம் கவனிக்காத ஒன்று வட்டி விகிதம்.

2021 ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவிகிதம். ஃபிரெடி மேக் நிறுவனம் 1971-லிருந்து வாராவாரம் எடுத்துவரும் கணக்கில் அதுதான் மிகக் குறைவு. வீடு வைத்திருந்தவர்கள் எல்லாம் பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் புதுக் கடனுக்கு மாறினார்கள். அவர்கள் அதை ‘ரீஃபைனான்ஸ்’ என்கிறார்கள். கொரோனா காலம் என்பதால் பலரும் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டு வாசலிலும் கார் பானட் மேலும் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரிகளுக்கு ஒரே நாளில் நாலு, ஐந்து வேலைகூட வந்தது. அந்த நேரத்தில் எந்த டைரக்டரியில் பெயர் போட்டிருந்தாலும் போன் வந்திருக்கும். போடாமல் இருந்தாலும் வந்திருக்கும்!

2023 அக்டோபரில் அதே வட்டி 7.79 சதவிகிதம். 3 சதவிகிதக் கடன் வைத்திருக்கும் யார் அதை 7.79-க்கு மாற்றிக்கொள்வார்? ரீஃபைனான்ஸ் ஏறக்குறைய நின்றுபோனது. வேலை சுருங்கியது. ஆனால் 2021-ன் கதைகளைக் கேட்டுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தார்கள். குறைந்த வேலைக்கு அதிகம் பேர் என்றால் கூலி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு டைரக்டரிச் சந்தா கட்டி ஏமாந்தேன் என்பவர்கள், கட்டாமல் இருந்திருந்தாலும் அதே நிலையில்தான் இருந்திருப்பார்கள். 2020-ல் சந்தா கட்டி, ‘கட்டிய மாதமே வேலை கொட்டியது’ என்பவர்களின் சாட்சியத்தையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு டைரக்டரியின் விளம்பரத்தில் நோட்டரி ஒருவரின் பாராட்டு இருந்தால் முதலில் அது எந்த ஆண்டு எழுதியது என்று பார்ப்பேன்.

ஊரும் முக்கியம். ஜார்ஜியா, சவுத் கரோலினா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் வீட்டுக் கடன் கையெழுத்தை வக்கீல்தான் நடத்த வேண்டும். அங்கே சைனிங் ஏஜென்ட்டுக்கு இடம் குறைவு. பட்டியலில் முதலிடத்துக்குக் காசு கட்டி என்ன பயன்?

காசு தரும் இடம் எது?

அப்படியானால் டைரக்டரியே வீண் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில் நிலைமை தலைகீழ். பெரிய நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். சுற்றுவட்டாரத்துக்கே மூன்று நோட்டரிகள்தான். அங்கே வேலை வரும்போது டைட்டில் கம்பெனியிடம் பழகிய ஆள் இருக்காது. டைரக்டரியைத்தான் பார்த்தாக வேண்டும். பேரம் பேசவும் முடியாது. அந்த நோட்டரிக்கு 200 டாலர் சந்தா பெரிய லாபம். லாஸ் ஏஞ்சலஸில் அதே பட்டியலில் நூறாவது பெயராக இருப்பவருக்கு அது வெறும் செலவு.

பட்டியலில் என்ன எழுதுகிறோம் என்பதும் வேலையைத் தீர்மானிக்கிறது. ‘நேரம் தவறாதவர், நட்பானவர், நம்பகமானவர்’ என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். படிப்பவர் கண்ணில் அது படாது. ‘ஆஸ்பத்திரி, முதியோர் இல்லங்களுக்கு வருவேன், ரிவர்ஸ் மார்ட்கேஜ் கட்டுகள் பழக்கம், இரவு 9 வரை, பிரிண்டர் இரண்டு’ என்று எழுதியவருக்கு போன் வரும். வந்த போனை எடுக்கவும் வேண்டும்! வாய்ஸ்மெயிலுக்குப் போய்விட்டால் வேலை ஒதுக்குகிறவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவருக்குக் காத்திருக்க நேரமில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன். கடன் கட்டு தவிர, பொதுமக்களுக்கு நேரடியாக நோட்டரி தேவைப்படும் சமயங்கள் ஏராளம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவிடம் பவர் ஆஃப் அட்டர்னி வாங்க வேண்டும். பேத்தியைத் தாத்தா பாட்டி மட்டும் வெளிநாடு அழைத்துப் போகப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். இவர்கள் நோட்டரி டைரக்டரிகளைக் கேள்விப்பட்டதே இல்லை. செல்போனில் ‘அருகில் நோட்டரி’ என்று தேடுவார்கள். கூகுள் மேப்பில் யார் பெயர் வருகிறதோ, யாருக்கு நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றனவோ அவரைக் கூப்பிடுவார்கள். கூகுளில் தொழிலைப் பதிவு செய்ய இலவசம். வீட்டு முகவரியை மறைத்து, ‘இந்தெந்தப் பகுதிகளுக்கு வருவேன்’ என்று மட்டும் காட்டவும் வசதி உண்டு. நடுவில் தரகர் கிடையாது. சீலுக்குத்தான் உச்சவரம்பு. பயணப்படியைப் பல மாநிலங்களில் முன்கூட்டியே பேசி வாங்கலாம். வேலை முடிந்ததும் கையில் காசு.

கடன் கட்டுக்கு அப்படியில்லை. சைனிங் சர்வீஸ் பணம் தர 30 நாள், 45 நாள் ஆகும். சில கம்பெனிகள் தராமலேயே காணாமல் போவதும் உண்டு. டைரக்டரிகளின் உண்மையான உபயோகம் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அவற்றில் சிலவற்றில் நோட்டரிகள் கம்பெனிகளுக்கு மதிப்பெண் போடும் பகுதி இருக்கிறது. எவன் ஒழுங்காகக் காசு தருகிறான், எவன் இழுத்தடிக்கிறான் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். பெயர் போடக் கொடுத்த சந்தாவைவிட, தெரியாத கம்பெனியிடமிருந்து வேலை வரும்போது அதைத் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடம் அதிகம் மிச்சப்படுத்தும்.

போன் எண்ணைப் பார்ப்பது கம்பெனிகள் மட்டுமல்ல

பெயர், ஊர், போன், மின்னஞ்சல் எல்லாம் பொதுவெளியில் இருந்தால் திருடனும் பார்ப்பான். நோட்டரிகளைக் குறிவைக்கும் மோசடி ஒன்று பல ஆண்டுகளாக அப்படியே நடக்கிறது. வெளியூரில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார். ‘அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறேன், பல பத்திரங்களுக்கு நோட்டரி வேண்டும், முன்பணமாக செக் அனுப்புகிறேன்’ என்பார். பேசிய தொகையைவிடப் பல மடங்குக்கு செக் வரும். ‘தவறுதலாகக் கூடுதலாக எழுதிவிட்டேன், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று அடுத்த கடிதம். செக்கை வங்கியில் போட்டால் இரண்டொரு நாளில் கணக்கில் பணம் ஏறிவிடும். மீதியை அனுப்பியும் விடுவார்கள். சில வாரம் கழித்து செக் போலி என்று தெரிந்து வங்கி மொத்தத் தொகையையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அனுப்பிய பணம் அனுப்பியதுதான். புதிதாகப் பட்டியலில் பெயர் போட்டு, முதல் வேலைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவருக்குத்தான் இந்தக் கடிதம் ரொம்ப இனிப்பாகத் தெரியும்.

பெண்களுக்கு இன்னொரு கவலை. முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு இரவில் போகும் தொழில் இது. டைட்டில் கம்பெனி அனுப்பும் வேலையில் எதிரே இருப்பவர் யார், எந்த வீடு, என்ன கடன் என்பதெல்லாம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். மேப்பைப் பார்த்துக் கூப்பிடும் புது ஆளைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் பலர் அப்படிப்பட்டவர்களை வங்கி, நூலகம், காபி கடை என்று ஆள் இருக்கும் இடத்துக்கு வரச்சொல்கிறார்கள். வீட்டு முகவரிக்குப் பதில் வாடகைத் தபால் பெட்டி எண்ணைக் கொடுக்கிறார்கள்.

சரி, இனி நேரில் வரவே தேவையில்லாமல் வீடியோவில் நோட்டரி செய்துவிடலாமே என்று கேட்கலாம். வர்ஜீனியா மாநிலம் 2012-லேயே அதைத் தொடங்கிவிட்டது. கொரோனாவுக்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. கலிஃபோர்னியாவும் 2023-ல் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் அங்குள்ள நோட்டரிகள் அதைச் செய்ய 2030 வரைகூட ஆகலாம். காரில் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

நம் ஊர் வீட்டுக்கும் அங்கே ஒரு சீல்

தாம்பரத்திலோ திருச்சியிலோ ஒரு மனை. மகன் பெயரில் இருக்கிறது, மகன் சான் ஹோசேயில். விற்க அப்பாவுக்குப் பவர் கொடுக்க வேண்டும். மகன் இந்தியத் தூதரகம் வழியாகச் செய்யலாம். அல்லது உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, மாநில அரசிடம் ‘அப்போஸ்தில்’ முத்திரை வாங்கி அனுப்பலாம். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் முத்திரைக்கு 20 டாலர். பவர் பத்திரம், சொத்துப் பத்திரம் என்றால் அங்குள்ள நோட்டரி தன் பதிவேட்டில் வலது கட்டைவிரல் ரேகையும் வாங்கிக்கொள்வார். நம் பத்திர ஆபீஸ் ஞாபகம் வரும்! பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நோட்டரி ஒருவர் தன் பட்டியலில் ‘இந்தியாவுக்கான பவர் ஆஃப் அட்டர்னி, அப்போஸ்தில்’ என்று ஒரு வரி சேர்த்தால், நூறு பேர் கூட்டத்திலும் அவரைத் தேடி வர ஆள் இருக்கிறார்கள். அவர்கள் 75 டாலருக்குப் பேரம் பேச வரும் இடைத்தரகர்கள் கிடையாது. மனை விற்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள். கூப்பிடும் ஒவ்வொருவரிடமும் ‘என் நம்பர் எங்கே கிடைத்தது?’ என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் குறித்துவந்தால் ஆறே மாதத்தில் எந்தச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த விளம்பரத்தைத் தமிழிலேயே எழுதலாமா? தாராளமாக. ஆனால் கலிஃபோர்னியாவில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் வருகிறவர்கள் நோட்டரி என்றால் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு விசா யோசனை கேட்டு ஏமாறக்கூடும் அல்லவா? அதனால் வக்கீலாக இல்லாத நோட்டரி, ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுத்து விளம்பரம் செய்தால், ‘நான் வக்கீல் அல்ல, குடியேற்றம் பற்றியோ வேறு சட்ட விஷயங்கள் பற்றியோ ஆலோசனை சொல்ல முடியாது’ என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலும் அதே மொழியிலும் கூடவே போட வேண்டும். அரசு நிர்ணயித்த கட்டணத்தையும் போட வேண்டும். தமிழில் விளம்பரம் கொடுத்தால் அதையும் ஆங்கிலத்திலும் தமிழிலும்தான்: ஒரு கையெழுத்துக்கு 15 டாலர்.